நிற்கப் பழகிய பிறகு

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே மழை. குடை, துண்டு, பிரஷர் மாத்திரை. தக்கலைச் சபை ஹாலில் தைச்சி, மெதுவாக அசைந்து செய்யும் சீன உடற்பயிற்சி. போன வருடம் குளியலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்தபின் டாக்டர் சொல்லித் தொடங்கியது. முழங்காலைச் சற்று மடக்கி, உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக மாற்ற வேண்டும்.

சொல்லித்தரும் பிசியோ ஷீபா: "சிஸ்டர், தண்ணிக்குள்ள நடக்கது மாதிரி. பைய." நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், ஊருக்கே சிஸ்டர்.

வாசலில் மீன்காரி: "இதென்ன, தூக்கத்துல நடக்கியளா?" எல்லோரும் சிரித்தோம்.

இன்று சுவரைப் பிடிக்காமல் முழுதும் செய்தேன். இனி தனியாக இருந்துவிடலாம். யார் தயவும் வேண்டாம்.

ஜூன் 12, வியாழன்

மகன் ஜெபின் தோஹாவிலிருந்து வந்தான். கூடவே மருமகள் ஷைனி. பேரீச்சம்பழம், கோடாலித்தைலம், ஒரு கம்பளி. இந்தப் புழுக்கத்துக்குக் கம்பளி.

"செய்து காட்டுங்கம்மா" என்றான். முற்றத்தில் செய்தேன். ஒற்றைக் காலில் நின்றேன். போனில் படம் பிடித்தான். "அம்மா நல்ல ஸ்ட்ராங்கா இருக்கிய."

பெருமையாக இருந்தது. அசடு.

ஜூன் 14, சனி

இப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. களியக்காவிளையில் ஷைனியின் அம்மா பக்கவாதம் வந்து படுக்கை. பார்த்துக்கொண்டிருந்த மகன் வேலை மாறி பெங்களூர் போகிறானாம்.

"ஹோமுல விட மனசு வரல்லம்மா. நீங்க நர்ஸ் தானே. இப்ப நல்லா நிக்கவும் செய்யிய. இங்க வச்சு பாத்துக்கிடுங்க" என்றான் ஜெபின்.

"எனக்கு அறுபத்தெட்டு வயசு மக்கா."

"பகல்ல ஆள் வைக்கலாம்."

"ராத்திரி?"

போனை நோண்டினான். முற்றத்தில் எடுத்த படம் நேற்றே பெங்களூர் போகிற அந்த மகனுக்குப் போயிருக்கிறது. நான் கைமுறிந்து கிடந்தபோது ஜெபினுக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் சொன்னது, பாத்து நடங்கம்மா.

வேண்டாம் என்றேன். ஷைனி அழுதாள். அவன் சாப்பிடவில்லை. மீன்குழம்பு மிச்சம்.

ஜூன் 17, செவ்வாய்

கறிவேப்பிலை, சோப்பு வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பினால் முன்னறை சோபா வராந்தாவில். அந்த இடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில்.

"வேண்டாம்னு சொன்னேனே."

"கோவத்துல சொன்னதுதானம்மா."

ஆயுசெல்லாம் வார்டில் நோயாளிகளைப் புரட்டிப் போட்டேன். சொந்த மகனிடம் ஒரு வார்த்தை செல்லவில்லை. ஷீபா போனில், "வரல்லியா சிஸ்டர்?" இனி வரமுடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். மழை என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

வெயில். காலையில் ஆம்புலன்ஸில் ஷைனியின் அம்மா வந்து சேர்ந்தாள். மத்தியானம் ஜெபினும் ஷைனியும் திருவனந்தபுரம், அங்கிருந்து தோஹா. "அம்மா இருக்கதுனால தான் நிம்மதியா போறோம்" என்று காலைத் தொட்டான். பகலுக்கு வைத்த ஆள் திங்கள்தான் வருவாளாம்.

கார் போனதும் சம்மந்தி பேசினாள். வாய் ஒருபக்கம் கோணல், ஆனாலும் புரிந்தது.

"நான் வரமாட்டேன்னு சொன்னேன். யாரும் கேக்கல்ல."

"நானும் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றேன்.

கஞ்சி ஆறிவிட்டது. அப்படியே கொடுத்தேன். பாதியில் வாயை மூடிக்கொண்டாள். நானும் வற்புறுத்தவில்லை.