பதினெட்டு இஞ்ச் திரையில் உன் கை

என் உயிர் அண்ணா, என் சண்டைக்கார அருளு,

உன் முப்பதாம் நாள் பூசை போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. ஃபாதர் உன்னைச் சாந்தமானவர் என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அம்மா தொடையில் கிள்ளினாள். நீயா சாந்தம்? ஜீவனஹள்ளியில் உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆட்டோக்காரர் யாராவது உண்டா?

நானும் சாந்தமாக இல்லை. காலையில் பல் விளக்கும்போதே உன்னை அடித்த அந்த மூன்று பேரை எதனால் அடிக்கலாம் என்றுதான் யோசிக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைத் தள்ளிவிட்டு, அந்தப் பெரிய லேப்டாப்பை நீ வாங்கி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? "இது லேப்டாப்பா, அம்மிக்கல்லா? மடியில வெச்சா கால் மரத்துடும்" என்று கத்தினேன். நீ மசியவில்லை. "லூசு, அந்தக் கம்ப்யூட்டரைக் கல்யாண மண்டபத்துக்குத் தூக்கிட்டுப் போவியா? காலைல முகூர்த்தம் எடுத்தா சாயந்திரம் ரிசப்ஷன்ல படம் ஓடணும். அதுக்கு இதுதான்" என்றாய். சரியாகத்தான் சொன்னாய். நீ எடுப்பாய், நான் மண்டபத்திலேயே உட்கார்ந்து வெட்டி ஒட்டுவேன். புடவை ஜரிகைகூட அந்தத் திரையில் இழை இழையாகத் தெரியும். ஃபேன்தான் மிக்ஸி மாதிரி கத்தும். பெரிய வேலை கொடுத்தால் பேட்டரி முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது, பிளக்கிலேயே இருக்க வேண்டும்.

அந்தப் பிளக்கால்தான் நீ செத்தாய். இல்லை, அதுவும் பொய். என் வாயால் செத்தாய்.

அல்சூர் மண்டபத்தில் மணி ஐந்து இருக்கும். ரிசப்ஷனில் போட வேண்டிய படம் பாதிக்கு மேல் எக்ஸ்போர்ட் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் வந்து பிளக்கைப் பிடுங்கினான். "ஸ்பீக்கருக்கு பாயிண்ட் வேணும். உன் பொட்டியை அப்புறம் பாத்துக்கோ." மறுபடி சொருகினேன். மறுபடி பிடுங்கி, ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னான். பத்தடி தள்ளி இன்னொரு பாயிண்ட் காலியாக இருந்தது. நான் அதைத் தேடவில்லை. மேடையைப் பார்த்து, "அண்ணா, இவனை என்னான்னு கேளு!" என்று கத்தினேன்.

கூட்டத்தை எடுத்துக்கொண்டிருந்த கேமராவை ஸ்டாண்டில் ஓடவிட்டபடியே நீ மேடையிலிருந்து இறங்கி வந்தாய். நான் குனிந்து பிளக்கை மறுபடி சொருகி நிமிர்வதற்குள் உன்மேல் மூன்று பேர். இரும்பு நாற்காலி. பிறகு மேடைப் படியின் விளிம்பு. ஸ்பீக்கர் பாட்டையும் மீறி உன் மண்டை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாய்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் செய்த காரியத்தைக் கேள். உன் கேமரா பை என் தோளில் இருந்தது. நீ உள்ளே கிடக்கிறாய், என் கை பாட்டுக்கு மெமரி கார்டை உருவி, லேப்டாப்பில் காப்பி செய்து, சரிபார்த்து, அடுத்த கல்யாணத்துக்காகக் கார்டைச் சுத்தமாக அழித்து வைத்தது. பத்து வருஷப் பழக்கம் அண்ணா. போலீஸ் கேமராவை வாங்கிப் பார்த்தபோது கார்டில் ஒன்றுமில்லை. நீ கொலையான படம் உலகத்தில் அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் பாதிக் கன்னடத்தில் பேசுகிறவர். "நோடும்மா, இங்க பாரு, யாரோ போன்ல எடுத்தது இருக்கு, அதுல வெறும் முதுகுதான் தெரியுது. மொதல்ல கை வெச்சது உங்க அண்ணன்தான்னு அவங்க பார்ட்டி சொல்றாங்க. உன்கிட்ட இருக்கறதை பெண் டிரைவ்ல போட்டுக் குடு."

"சுத்தப் பொய் சார்!" என்று அவர் மேஜையில் அடித்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். மண்டபம் முழுக்கக் கூட்டம், ஓரத்தில் நகக்கண் அளவுக்கு நாம். போனில் பார்த்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. அந்தத் திரையில் பெரிதாக்கி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். உன் வலது கை எழுந்தது. பிளக்கைப் பிடுங்கியவன் கன்னத்தில் இறங்கியது. அதுவரைக்கும் அவன் உன்னைத் தொடவே இல்லை. அதற்கு மேல் பார்க்க முடியாமல் மூடிவிட்டேன்.

பின்னால் அம்மா நின்றிருந்தாள். "வெட்டிடு" என்றாள்.

"அம்மா, இது கேஸு."

"என்னடி கேஸு? பந்தியில சண்டை, சம்பந்தி மொறைச்சது, குடிச்சிட்டு விழுந்தது, எல்லாத்தையும் எல்லாக் கல்யாணத்துலயும் வெட்டறேதானே? பெத்தவ கேக்கறேன், ஒரே ஒரு அறை. வெட்டு. செத்தவன் பேரைக் கெடுக்காத."

நாலு நொடிதான். அறைக்குச் சற்று முன் ஒரு தடித்த ஆள் கேமராவை மறைத்தபடி நடக்கிறார், பின்னும் ஒருவர் அப்படியே கடக்கிறார். இரண்டு முதுகையும் ஒட்டினால் நடுவில் உன் கை இருந்ததே தெரியாது. இரண்டு பக்கமும் குறி போட்டுவிட்டேன். ஒரு விரல் அழுத்தினால் போதும்.

அப்போது மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். நடுப்பகல். மூத்தவன் செருப்போடு உள்ளே வந்தான். "ஏம்மா, அந்த வீடியோவ டெலிட் பண்ணிடு. கல்யாணம் ஆன பொண்ணு வாழ்க்கையும் பாக்கணும்ல? உங்க அண்ணனுக்கு ஆயுசு அவ்ளோதான்."

கையில் கிடைத்தது லேப்டாப் சார்ஜர். செங்கல் கனம் உனக்குத் தெரியுமே. வயரைப் பிடித்துச் சுழற்றி முகவாயில் போட்டேன். வாயெல்லாம் ரத்தம். "வா மச்சா, இவ பேயி!" என்று இன்னொருவன் அவனை இழுத்துக்கொண்டு ஓடினான். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு இனித்தது. இன்னும் இரண்டு போட்டிருப்பேன்.

அப்புறம்தான் உறைத்தது. அவன் என்னைத் தொடவில்லை. முதலில் கை நீட்டியது நான். அதற்காக அவன் என்னை நாற்காலியால் அடித்துக் கொன்றிருந்தால் சரியென்று ஆகிவிடுமா? நீ அறைந்தது தப்பு அண்ணா. தப்புதான். ஆனால் அதை ஒளித்துவைத்தால், அறைந்தவனைக் கொல்லலாம் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா?

குறியை எடுத்துவிட்டேன். அம்மா என் முதுகில் அடி அடியென்று அடித்தாள். எல்லாம் வாங்கிக்கொண்டு, லேப்டாப்பைப் பையில் போட்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

"பெண் டிரைவ் வேணாம் சார். மெஷினையே வெச்சுக்கங்க. படத்துல நான் எதையும் வெட்டலைன்னு நீங்களே பாத்துக்கங்க."

"கேஸ் முடியற வரைக்கும் திரும்பி வராதும்மா. உன் வேலை?"

"பாத்துக்கறேன் சார்." என்ன பார்த்துக்கொள்வேன் என்று இதுவரை தெரியவில்லை. வரும் வாரம் ஒரு கல்யாணத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

அவர் அங்கேயே ஓடவிட்டார். உன் கை எழுந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா சார், எங்க அண்ணன்தான்" என்றேன். படத்தில் அதற்குப் பிறகு உள்ளதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் நிறுத்தப் போனார், நான் விடவில்லை. உன்மேல் விழுந்த அடிகளை எண்ணினேன். ஏழாவதுக்குப் பிறகு நீ கையைத் தூக்கவே இல்லை. பதினொன்று வரைக்கும் அவர்கள் நிறுத்தவில்லை.

ஒரு சத்தியம் செய்து தருகிறேன். கோர்ட்டில் கூண்டு ஏறியதும், அவர்கள் வக்கீல் வாய் திறக்கும் முன்னே நானே சொல்வேன்: "மொத அடி எங்க அண்ணன் அடிச்சது. அவனைக் கூப்பிட்டது நான். இப்ப மீதி பதினொண்ணையும் என்கூட எண்ணுங்க." அம்மாவும் அங்கே உட்கார்ந்திருப்பாள். சத்தமாக எண்ணுவேன் அண்ணா, ஒன்றுகூட விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ரோஸி