மாணவர் கழிவு விலை நின்றுபோனது

விசுவமடு
திங்கட்கிழமை

அன்பு மகன் விதுசனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பளவில் நாங்கள் மூன்று பேரும் சுகம், நீயும் அந்தக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வற்றாப்பளை அம்மனை வேண்டிக்கொண்டுதான் தொடங்குகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "வகுப்பு தொடங்கப் போகுது அம்மா, வைக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பரமேஸ்வரன் மாமாவின் மகள் வெள்ளிக்கிழமை ரொறன்ரோவுக்கு வருகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

நெல் வெட்டியாயிற்று, பள்ளக்காணியில் மட்டும் மழைக்குக் கொஞ்சம் சாய்ந்துபோனது. அப்பாவுக்கு முழங்கால் நோ குறைவு. தங்கச்சியின் கொம்பியூட்டரில்தான் கரைச்சல் வந்தது. மாணவருக்குக் கழிவு விலை என்று நீ உன் கல்லூரிப் பெயரில் வாங்கி அவளுக்கும் திறந்துவிட்டாயே அந்த ஆபீஸ் மென்பொருள், அதில்தான் தேனுகா தன் உயர்தரச் செயற்திட்டத்தை எழுதிக்கொண்டிருந்தாள். போன கிழமை அது திடீரென்று எழுத விடவில்லை, வாசிக்கலாம், ஒரு எழுத்தும் சேர்க்க முடியாது. திரையில் வந்ததை அவள் எனக்குத் தமிழில் சொன்னாள், நீ மாணவன் என்று கல்லூரி உறுதிப்படுத்தவில்லையாம், இனி மற்றவர்களைப் போல முழு விலை கட்ட வேண்டுமாம். ஏதோ பிழை என்று நினைத்துச் சந்தியில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் சுமனிடம் கொண்டுபோனோம். அவன் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி, "அன்ரி, படிக்கிற ஆக்களுக்கு மட்டும்தான் அந்த விலை. கல்லூரியிலை பெயர் எடுபட்டால் நிண்டிடும். விதுசன் படிப்பு முடிச்சிட்டானோ?" என்று கேட்டான். ஓம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உனக்கு இன்னும் ஒரு வருசம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா.

அன்றிலிருந்து ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை மகன். உலையில் அரிசி போட்டேனா என்று திரும்பத் திரும்ப மூடியைத் திறந்து பார்க்கிறேன். வியாழக்கிழமை நீ எடுத்தபோது படிப்பு எப்படி என்று வேண்டுமென்றே கேட்டேன், "சோதனை கிட்டுது அம்மா" என்றாய், பின்னால் பெட்டிகள் இழுபடும் சத்தமும் யாரோ உன் பெயரைச் சொல்லி அதட்டுவதும் கேட்டது. அது வகுப்பில்லை. எப்போது விட்டாய், ஏன் விட்டாய், சுகமில்லாமல் கிடந்தாயா, விசாவுக்கு என்ன ஆகும், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, ஒன்றும் தெரியாமல் தலை சுற்றுகிறது.

அப்பாவுக்கு மறைக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை, நேற்று வயலில் வைத்துச் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டு வரம்பில் குந்தினார். "படிப்பை விட்டது பெரிசில்லை. அதைச் சொல்லப் பயப்பிடுற அளவுக்கு நான் அவனை என்ன செய்தனான்?" என்று கேட்டார். வாய்க்காலில் இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றார், மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

தேனுகாவுக்காக முழு விலை கட்டப் போகாதே, சுமன் இலவசமாகக் கிடைக்கும் வேறொன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறான், அவள் சமாளிப்பாள். நீ முதலில் விசா விசயத்தைத் தெரிந்த ஒருவரிடம் கேள், வெட்கப்படாமல் அங்கேயிருக்கும் கணபதி சித்தப்பா வீட்டுக்குப் போ, தனியே அறையில் கிடக்காதே. திரும்பி வர வேண்டுமென்றால் வா, வீடு இங்கேதான் இருக்கிறது.

எந்த வேலையில் நின்றாலும் அம்மன் உனக்குத் துணை நிற்பா, நீ நன்றாக இருப்பாய். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இனிக் கூப்பிடும்போது அம்மாவிடம் கொடுங்கோ என்று சொல்லாதே, அப்பாவோடு கதை. அவர் ஒன்றும் கேட்க மாட்டார், போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். நீதான் தொடங்க வேண்டும்.

உன் அம்மா,
சிவனேஸ்வரி