குட்டி வைக்கும் மிச்சம்

என்னங்க,

பணம் கேட்க இதை எழுதவில்லை.

வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது நீங்கள் சொன்னபடியே சிக்கனமாக இருக்கிறேன். கடை மூடுகிற நேரத்தில் போனால் வாடிய காயும் நேற்றைய ரொட்டியும் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. குப்பைக்கூடையில் எதுவும் விழுவதில்லை. எனக்கென்று தனியாகச் சமைப்பதுமில்லை; குட்டி மிச்சம் வைப்பதைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிவிடுவேன்.

ஒரு மாதமாக அவள் பாதிக்குமேல் மிச்சம் வைத்தாள். பிடிவாதம் என்று நினைத்து அதட்டினேன். நேற்று பள்ளி நர்ஸ் கூப்பிட்டனுப்பினார். எடை இரண்டு கிலோ குறைந்திருக்கிறதாம்.

"வீட்ல புள்ளைக்குச் சோறு போடுறீங்களாம்மா?"

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் கேட்டேன்.

"ஏன்டி, உனக்குப் பசிக்கவே இல்லையா?"

"பசிக்குது. நானே எல்லாத்தையும் சாப்பிட்டுட்டா நீ என்ன சாப்பிடுவே?"

இன்று எனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். நான் மென்று விழுங்கும்வரை அவள் தன் தட்டைத் தொடவில்லை. அப்புறமும் நம்பாமல், "எங்க, வாயைத் தொறந்து காட்டு" என்றாள்.

நாளைக்கும் இரண்டு தட்டு வைத்தாக வேண்டும். வீட்டில் இருப்பது ஒரு தட்டுக்குத்தான் காணும்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா