வாரத்துக்கு ஒரு ஊசி

செங்கற்பட்டு
27.10.2025

சௌபாக்கியவதி கோதைக்கு,

தேசிகனின் அநேக ஆசீர்வாதம். நான் சௌக்கியம். நீயும் பிள்ளை அத்வைத்தும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பத்து வார்த்தை சொன்னால் நீ ஒரு ‘ம்’ போடுகிறாய். கடிதத்தில் ‘ம்’ மட்டும் எழுதி அனுப்ப முடியாதல்லவா? தபாலாபீஸில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இன்லேண்ட் லெட்டர் இதற்காவது உதவட்டும்.

தீபாவளிக்கு வந்தாய், இரண்டு நாள் இருந்தாய். பக்கத்து கவுன்டர் கண்ணாயிரம் உன்னை வாசலில் பார்த்துவிட்டு, “யாரு சார் அது, ஊர்லேர்ந்து சொந்தக்காரங்களா?” என்று கேட்டான். உன் கையால் நூறு தடவை காபி குடித்தவன் அவன். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

முட்டி ஆபரேஷனுக்கு முன்னால் எடை குறைய வேண்டும் என்று டாக்டர் சொன்னார், ஊசி எழுதிக் கொடுத்தார், ஆஸ்பத்திரி படூருக்குப் பக்கம், பிள்ளையின் ஃபிளாட்டில் லிஃப்ட் இருக்கிறது. அதனால் நீ அங்கே போய் இருக்கிறாய். எல்லாம் நான் ஒப்புக்கொண்டதுதான். ஆனால் அது சர்க்கரைக்காரர்களுக்குப் போடுகிற ஊசி. உனக்குச் சர்க்கரையே கிடையாது. இல்லாத வியாதிக்கு மருந்து சாப்பிட்டால் இருக்கிற ஆரோக்கியம் போகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் குறையையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளித் தளிகையில் உப்பே இல்லை. நீ இரண்டு பருக்கையை இலையில் உருட்டிவிட்டுப் பசிக்கவில்லை என்றாய். இந்த வார்த்தையை உன் வாயால் நான் கேட்டதே இல்லை. நீ எதிரில் இருந்தும் நான் தனியாகச் சாப்பிட்டேன்.

நம்மாத்துத் தேர் என்று உன்னைக் கேலி பண்ணுவேனே, தேர் சப்பரமாகிவிட்டது. சீக்கிரம் நிலைக்கு வந்து சேர்.

இப்படிக்கு,
தேசிகன்

*

படூர்
4.11.2025

உங்களுக்கு,

நமஸ்காரம். கடிதம் கிடைத்தது. எல்லாரும் சௌக்கியம்.

‘ம்’ போடுவது கோபத்தினால் இல்லை. போனை எடுத்ததும் “இன்னிக்கு என்ன தளிகை?” என்று கேட்கிறீர்கள். இங்கே தளிகை என்று ஒன்று கிடையாது. அத்வைத்துக்கு மூன்று வேளையும் ஆபீஸ் கேன்டீன். நான் காலையில் ஒரு டம்ளர் மோர் குடிக்கிறேன், மத்தியானம் ஒரு கரண்டி ரசஞ்சாதம். அதைச் சொல்லி முடித்த பிறகு நமக்குப் பேச வேறு என்ன இருக்கிறது என்று யோசிப்பேன். அதற்குள் நீங்கள் போனை வைத்துவிடுவீர்கள்.

ஊசியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நானே வயிற்றில் போட்டுக்கொள்கிறேன். கொசு கடித்த அளவுதான் வலி. முதல் மாதம் தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டியது. இப்போது அது குறைந்துவிட்டது. தீபாவளியன்று நம்மாத்துச் சமையலறையில் மட்டும் திரும்ப வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சமைத்தேன், உப்பு போட்டேனா என்று நினைவில்லை. மன்னிக்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் மத்தியானத்துக்கு என்ன, மத்தியானம் ஆனால் ராத்திரிக்கு என்ன என்று மண்டைக்குள் ஒரு ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்ததே தெரிகிறது.

தேர் என்று இனி எழுத வேண்டாம். நாலு பேர் முன்னால் நீங்கள் சொல்லும்போதெல்லாம் நானும் சிரிப்பேன். உள்ளே போய் அழுதுவிட்டு வந்து பரிமாறுவேன்.

கோதை

*

செங்கற்பட்டு
19.11.2025

சௌபாக்கியவதி கோதைக்கு,

ஆசீர்வாதம். நீ அழுததெல்லாம் எனக்குத் தெரியாது. நீ சொன்னதே இல்லை. செல்லமாகச் சொன்னது. உடம்பில் நாலு பிடி சதை இருந்தால்தான் பெண்களுக்கு லட்சணம் என்பது என் கட்சி. போகட்டும், இனி சொல்லவில்லை.

இத்துடன் கண்ணாயிரம் கொண்டுவருகிற தூக்கில் புளிக்காய்ச்சல் இருக்கிறது. கேளம்பாக்கத்தில் அவன் மச்சினி வீட்டுக்கு வருகிறான். அதை யார் பண்ணினார்கள் என்று யோசித்துப் பார். நான்தான். இரண்டு தடவை கருக்கி, மூன்றாவது தடவை பதத்துக்கு வந்தது. நல்லெண்ணெய் கை மேல் தெறித்து ஒரு கொப்புளம். நீ ஒரு வாய் சாப்பிட்டால் ஆறிவிடும்.

முக்கியமான விஷயம். மாசியில் எனக்கு அறுபது நிறைகிறது. பிப்ரவரிக் கடைசியிலேயே ரிடையர்மென்ட். சஷ்டியப்தபூர்த்தியைப் பிப்ரவரி 22, ஞாயிறு அன்று வைத்துக்கொள்ளலாம் என்று பண்ணிவைக்கப்போகிற வாத்தியார் சொல்கிறார். மதுராந்தகத்தில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு மண்டபத்துக்குச் சொல்லிவைத்துவிட்டேன். உன் முட்டிக்காக மணைக்குப் பதிலாக நாற்காலியே போட்டுக்கொள்ளலாமாம், தோஷமில்லையாம். மறுபடியும் மாலை மாற்றி, மறுபடியும் திருமாங்கல்யம் கட்டி, ஒரே பந்தியில் இலை போட்டு நாம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அக்காரவடிசல் உண்டு.

சம்மதம்தானே?

தேசிகன்

*

படூர்
30.11.2025

உங்களுக்கு,

நமஸ்காரம். தூக்கு வந்தது. கொப்புளத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவுங்கள்.

பொய் எழுத மனமில்லை. திறந்து பார்த்தேன். நிறம் சரியாக வந்திருக்கிறது, எண்ணெயும் பிரிந்திருக்கிறது. ஆனால் வாயில் வைக்கத் தோன்றவில்லை. இங்கே வேலைக்கு வரும் கன்னியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மறுநாள் வந்து, “இன்னாமா, உன் வூட்டுக்காரரா பண்ணாரு? சூப்பரா கீது. என் வூட்டுல துன்றதுக்கே எழுந்துக்காத ஆளு வயிச்சி வயிச்சி துன்னுது” என்றாள். அவர்கள் வீட்டில் ஐந்து பேர். எல்லாரும் சாப்பிட்டார்கள் என்பதில் எனக்குத் திருப்திதான். உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்றும் தெரிகிறது.

என் உடம்பு எப்படி இவ்வளவு ஆனது என்று டாக்டர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. நீங்கள், பிள்ளை, வந்தவர் போனவர் எல்லாரும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தில் மிச்சம் இருக்கும். வீணாகக் கூடாது என்று நின்றுகொண்டே வழித்துச் சாப்பிடுவேன். பசித்துச் சாப்பிட்ட நாள் எது, பாத்திரம் காலியாக வேண்டுமே என்று சாப்பிட்ட நாள் எது, பேச ஆளில்லாமல் சாப்பிட்ட நாள் எது என்று பிரித்துப் பார்க்கிறேன். பசித்துச் சாப்பிட்டது கொஞ்சம்தான்.

இதை உங்கள் மேல் குற்றமாக எழுதவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம்கூட இல்லையே என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சம்மதமா என்று கேட்டிருக்கிறீர்கள். யோசித்துச் சொல்கிறேன்.

கோதை

*

செங்கற்பட்டு
21.12.2025

சௌபாக்கியவதி கோதைக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று வாரம் பதில் எழுதாமல் இருந்தேன். புளிக்காய்ச்சல் விஷயத்தில் மனசு விட்டுப்போயிற்று. அதை விடு.

யோசித்துச் சொல்கிறேன் என்கிறாய். கட்டின பெண்டாட்டி அறுபதாம் கல்யாணத்துக்கு யோசிப்பாளா? உறவில் யாரிடமாவது இதைச் சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார்கள். கோதை, எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிகிறது. இது நீ பேசவில்லை, ஊசி பேசுகிறது. பசியை அடக்குகிற மருந்து மனசை மட்டும் சும்மா விடுமா? சோற்றின் மேல் ஆசை போனது போலத்தான் ஆத்தின் மேலும், என் மேலும் ஆசை போயிருக்கிறது. மருந்தை நிறுத்தினால் எல்லாம் தன்னால் திரும்பி வரும்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். பிப்ரவரிக்கு முன்னால் ஒரு மாதம் ஊசியை நிறுத்து. ஆபரேஷனை ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம். பழைய கோதையாக வந்து என் பக்கத்தில் உட்கார்.

இங்கே மார்கழிக் குளிர். காலையில் கோயில் பொங்கலை வாங்கி வந்து தொன்னையோடு ஆபீஸுக்கு எடுத்துப்போகிறேன். பார், மறுபடியும் சாப்பாட்டுக்கே வந்துவிட்டேன்.

தேசிகன்

*

படூர்
6.1.2026

உங்களுக்கு,

நமஸ்காரம். நீங்கள் கேட்காவிட்டாலும் ஊசி நின்றிருக்கும், நின்றும்விட்டது. ஆபரேஷனுக்குத் தேவையான அளவு எடை குறைந்தாயிற்று. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும், இந்த ஊசி சாப்பாட்டை வயிற்றிலேயே நிறுத்திவைக்கும் என்பதால், முன்கூட்டியே நிறுத்தச் சொன்னார் டாக்டர். பிப்ரவரி முதல் வாரத்தில் ஆபரேஷன். ஏப்ரலுக்குத் தள்ள வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மாவோடு அவள் குப்பத்துக்குப் போயிருந்தேன். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் கை கொடுக்கவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. கரையில் ஏற்றிவைத்த ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்தோம். வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கன்னியம்மா, “உன் வூட்டுக்காரரு இன்னா சொல்றாரு?” என்று கேட்டாள்.

“ஊசியை நிறுத்தச் சொல்கிறார்.”

“நிறுத்திட்டா இன்னா ஆவும்?”

“பசிக்கும்.”

“சரி. அப்பால?”

நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம் என்று எனக்கும் பாதி தோன்றுகிறது. மருந்து உடம்பை விட்டுப் போகட்டும். பசி வந்த பிறகு பதில் எழுதுகிறேன். அதுவரை பத்திரிகை அடிக்கக் கொடுக்காமல் இருங்கள்.

கோதை

*

செங்கற்பட்டு
15.1.2026

கோதைக்கு,

பத்திரிகை கொடுக்கவில்லை.

இந்தக் கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணியாக இன்லேண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுப் புடவைக் கடைக்குப் போனேன், கூறைப்புடவை பார்க்க. “மாமிக்கு என்ன கலர் பிடிக்கும் சார்?” என்று கேட்டான். அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் வாசல் விளக்கைப் போட மறந்துபோகிறேன்.

வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். உனக்கு என்ன நிறம் பிடிக்கும்?

தாள் பாதி காலியாக இருக்கிறது. அப்படியே ஒட்டி அனுப்புகிறேன்.

தேசிகன்

*

படூர்
29.1.2026

அன்புள்ள தேசிகனுக்கு,

முப்பத்து மூன்று வருஷத்தில் உங்கள் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. கூச்சமாக இருக்கிறது. தப்பாக நினைக்க வேண்டாம்.

பசி வந்துவிட்டது. போன வாரமே கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தது. நேற்றுக் கத்தரிக்காய் கறமதும் மிளகு சாத்தமுதும் பண்ணினேன். தாளிக்கிற வாசனை குமட்டவில்லை, நன்றாகவே இருந்தது. உட்கார்ந்து, இரண்டாம் முறையும் சாதம் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். கன்னியம்மா துடைப்பத்தோடு நின்று பார்த்து, “தோ, யம்மாவுக்கு வயிறு தொறந்துகிச்சு” என்று சிரித்தாள். இன்றைக்கும் சாப்பிட்டுக் கை அலம்பிவிட்டு வந்துதான் எழுதுகிறேன். அதனால் இதை ஊசி எழுதவில்லை.

பசியோடு சேர்ந்து மற்றதும் வரும் என்று நானும் காத்திருந்தேன். சாயங்காலம் கேட் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேனே, அது வரும் என்று நினைத்தேன். இதை உங்களிடம் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல வேண்டும் என்று பகலெல்லாம் சேர்த்துவைப்பேனே, அது வரும் என்று நினைத்தேன். பசி மட்டும்தான் வந்தது.

உங்கள் பாதிக் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். நீங்கள் எனக்கு எழுதியதிலேயே அதுதான் நல்ல கடிதம். கல்யாணமான புதிதில் வந்திருந்தால் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருப்பேன். நிறத்தைக் கேட்டீர்கள். எனக்கும் தெரியவில்லை. உடம்பு தெரியக்கூடாது என்று எப்போதும் அழுத்தமான நிறமாகப் பார்த்தே வாங்கியிருக்கிறேன். பிடித்தது எது என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். கூறைப்புடவை வாங்க வேண்டாம்.

முதல் தடவை மணையில் உட்கார்த்தி வைத்தபோது சம்மதமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. இந்தத் தடவை நீங்கள் கேட்டீர்கள். கேட்டதற்கு உண்மையான பதில் சொல்ல வேண்டியது என் கடமை. எனக்குச் சம்மதம் இல்லை. செங்கற்பட்டுக்கும் நான் திரும்பி வரவில்லை.

உறவுக்காரர்களிடம் சொல்ல முட்டி இருக்கிறது. ஆபரேஷன் ஆன புதிதில் உட்கார முடியாது என்று சொல்லுங்கள், நம்புவார்கள். ஆனால் நாற்காலி போட்டிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அத்வைத்திடம் சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை ஆபரேஷன். மறுநாளே எழுப்பி நடக்க வைப்பார்களாம். என்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. பார்வையாளர் நேரம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல். சாப்பிட எதுவும் கொண்டுவர வேண்டாம்.

கோதை