டெல்ஃபினாவின் பெயரைச் சொன்னது நான்தான்

மே 11, 2010, செவ்வாய்

காலையிலிருந்து மழை. அலுவலக ஹீட்டர் மறுபடியும் படுத்துவிட்டது. மேல்கோட்டைக் கழற்றாமலே தட்டச்சு செய்தேன். கீழவையில் சட்டம் நிறைவேறி ஆறு நாள் ஆகிறது. இனி செனட் முடிவு செய்ய வேண்டும். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி மணந்துகொள்ளலாம் என்ற ஒன்றுக்காக நாடே இரண்டாகப் பிரிந்து கத்துகிறது.

எங்கள் மாகாணத்துச் செனட்டர் புஸ்தின்சா வானொலியில் பேசினார். "நான் யாரையும் வெறுக்கல. ஆனா கல்யாணம்னா அப்பா, அம்மா, பிள்ளைங்க. அத மாத்துறதுக்கு தலைநகர் புவனோஸ் ஐரிஸ்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு யாரு உரிமை குடுத்தா?" குரல் மட்டும் அப்படியொரு இதம்.

பதில் அறிக்கை எழுதச் சொன்னார் லிசாசோ. எங்கள் கட்சியின் மாகாணச் செயலாளர். பன்னிரண்டு வருடமாக அவருக்கு வார்த்தை எழுதிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. மூன்று பத்தி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு ரெனாத்தா. ஆனா கடிக்க மாட்டேங்குதே," என்றார்.

மே 23, ஞாயிறு

லிசாசோ வீட்டு முற்றத்தில் விருந்து. விறகுக் கனலில் மாட்டு விலா. கட்சிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். பேச்செல்லாம் புஸ்தின்சாதான். ஒருவர் அவர் குரலில் பேசிக் காட்ட, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு இரண்டாவது கோப்பை ஒயின் முடிந்திருந்தது. நானும் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை.

"குடும்பம் குடும்பம்ங்கிறாரே, அவரோட கூடப்பொறந்த தங்கச்சி டெல்ஃபினா, லாஸ் தாலாஸ் ஊர்ல இருபத்தஞ்சு வருஷமா இன்னொரு பொம்பளையோடதான் குடித்தனம் நடத்துறாங்க."

சிரிப்பு நின்றது. "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார் யாரோ.

"ஆசிரியர் பயிற்சி படிச்சப்ப மூணு வருஷம் அவங்க வீட்டுப் பின்னறையிலதான் இருந்தேன்."

லிசாசோ கனலை விட்டுத் திரும்பவில்லை. இறைச்சியைப் புரட்டிக்கொண்டே, "மருந்துக்கடை வச்சிருக்கிற அந்தம்மாவா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன்.

மே 24, திங்கள்

நேற்றுச் சொன்னது நெஞ்சில் உறுத்துகிறது. விருந்துப் பேச்சுதானே. யார் ஞாபகம் வைத்திருக்கப்போகிறார்கள்?

ஜூன் 4, வெள்ளி

செனட் குழு கருத்துக் கேட்பதற்காக எங்கள் ஊருக்கே வந்தது. பல்கலைக்கழக அரங்கம் நிரம்பி வழிந்தது. வலப்பக்கம் தேவாலயப் பேருந்துகளில் வந்தவர்கள், சட்டையில் எதிர்ப்பின் அடையாளமாக ஆரஞ்சு நாடா. இடப்பக்கம் நாங்கள், வானவில் கொடிகளோடு. வயதான தையல்காரர் ஒருவர் பேசினார். முப்பது வருடம் கூட வாழ்ந்தவர் சாகக் கிடந்தபோது, ‘நீ சொந்தக்காரன் இல்லை’ என்று மருத்துவமனையில் உள்ளே விடவில்லையாம். வலப்பக்கமிருந்து, "வெக்கமா இல்லையாய்யா?" என்று ஒரு கத்தல். எங்கள் பக்கமிருந்து அதைவிடப் பெரிய கத்தல். நடுவில் அந்த மனிதர் கையிலிருந்த தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

அப்போது புஸ்தின்சா எழுந்தார். தன் பக்கத்து ஆட்களைப் பார்த்து, "அவர் பேசி முடிக்கட்டும். இல்லன்னா நான் வெளிய போயிடுவேன்," என்றார். அரங்கம் அடங்கியது. நான் எதிர்பார்க்கவே இல்லை. அப்புறம் தன் முறை வந்ததும் இருபது நிமிடம் சட்டத்தை எதிர்த்தே பேசினார், அதே இதமான குரலில்.

ஜூன் 15, செவ்வாய்

வந்ததும் வராததுமாக எழுதுகிறேன். எழுத்து எப்படி இருந்தால் என்ன.

லிசாசோ கதவைச் சாத்தச் சொன்னார். மேசையில் ஒரு புகைப்படம். கொல்லைப்புறத் துணிக்கொடி. ஈரப் படுக்கை விரிப்பின் ஒரு முனை டெல்ஃபினா கையில், மறுமுனை அவரோடு வாழும் இர்மா கையில். இர்மா எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறார். சந்துப் பக்கத்து வேலிக்கு மேலாக எடுத்திருக்கிறார்கள். அந்த வேலி எனக்குத் தெரியும்.

"இருபத்து நாலாம் தேதி டி.வி. விவாதம், நானும் அவனும். அவன் குடும்பம்னு ஆரம்பிச்சதும் இதத் தூக்கிக் காட்டி, 'செனட்டர், இந்த விரிப்பு எந்தக் கட்டிலோடது?'ன்னு கேப்பேன்."

உட்கார்ந்துவிட்டேன். "யாரு சொன்னா ஒங்களுக்கு?" கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"நீதானேம்மா சொன்ன."

"அவங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவங்களுக்காகத்தானே பண்றேன். அவன் ஓட்டு அவங்க தலையிலதான் விழப்போகுது. ஒரே ஒரு படம், ரெனாத்தா. அதனால ஆயிரம் பேருக்கு வழி பொறக்கும்னா?"

"நம்ம கட்சியிலயே மூணு செனட்டருங்க எதிர்த்துதான் ஓட்டுப் போடப்போறாங்க. அவங்க தங்கச்சி வீட்டு வேலிக்கு எப்ப கேமராவ அனுப்பப்போறீங்க?"

அவர் சிரித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "பாத்தியா, இப்ப கடிக்குது," என்றார்.

ஜூன் 16, புதன்

என் வாய். வேறு யாரும் இல்லை, என் வாய்தான்.

ஜூன் 19, சனி

லாஸ் தாலாஸ் போய்விட்டு வந்தேன். கால்பந்து உலகக்கோப்பைக்காகக் கடைக்குக் கடை கொடி. மருந்துக்கடை வாசலிலும் ஒன்று.

டெல்ஃபினா ஒரு தாய்க்கு இருமல் மருந்து எத்தனை மில்லி என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் தாங்க முடியவில்லை. அடுக்களைக்குக் கூட்டிப்போனார். இர்மா மாத்தே மூலிகைத் தேநீருக்குத் தண்ணீர் சுட வைத்தார். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். விருந்து, ஒயின், படம், தேதி.

இர்மா கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டார். தேநீர் இல்லை என்று அர்த்தம். "எந்திரிச்சுப் போடீ," என்றார். "காய்ச்சல்ல கெடந்தப்ப ஒனக்குத் தலை தொடச்சு விட்டேன் நான். போ."

டெல்ஃபினா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அண்ணன்கிட்ட நான் பேசுறேன். அவன் அந்த விவாதத்துக்கே போகமாட்டான்."

"அவருக்குத் தெரியுமா?" என்றேன்.

"என்ன தெரியுமா? மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை அவனும் அவன் சம்சாரம் அமாலியாவும் இந்த மேசையிலதான் சாப்பிடுறாங்க. இர்மாவ 'மதினி'ம்பான். இர்மாவோட அம்மா செத்தப்ப சவப்பெட்டியத் தூக்கினது அவன் தோள்."

அவருக்குத் தெரியும். எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டு அந்த வானொலிப் பேச்சு.

"அப்புறம் எப்படி அவரால...?"

"இங்க வந்தா அரசியல் பேச மாட்டான். நாங்களும் கேக்க மாட்டோம். அப்படியே ஓடிப்போச்சு இருபத்தஞ்சு வருஷம்." மேசை விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தார். "ஒங்க கட்சிக்கு என் பேரு வேணும். அவன் கட்சிக்கு என் பேரு வெளிய வரக் கூடாது. என்ன வேணும்னு என்னை ஒருத்தரும் கேக்கல."

"ஒங்களுக்கு என்ன வேணும்?"

விரிப்பை நீவுவதை நிறுத்தினார். பிறகு, "ரெண்டு பேருல யாரு முன்னாடி செத்தாலும் மத்தவ இந்த வீட்டுல இருக்கணும். அதான்," என்றார்.

ஜூன் 24, வியாழன்

அண்ணன் போகமாட்டான் என்றார் டெல்ஃபினா. புஸ்தின்சா வந்தார்.

விவாதம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட இல்லை. லிசாசோ வாயைத் திறக்கவே இல்லை. புஸ்தின்சா கேமராவைப் பார்த்து, தானாகவே:

"இவர் பையில ஒரு படம் இருக்கு. அத இவர் காட்டுறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். எனக்கு ஒரு தங்கச்சி. வழி தவறிப் போனவ. அவளுக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன். பாசத்துக்காகக் கொள்கைய விக்கிற ஆளு நான் இல்ல."

கைதட்டல். பாதி அரங்கம் எழுந்து நின்று தட்டியது.

வழி தவறிப் போனவ! அவ கையால தின்னவன்டா நீ, மாசத்துக்கு ரெண்டு தடவ, இர்மாவ மதினின்னு கூப்பிட்டுட்டு...

லிசாசோ ஒரு நொடி தடுமாறினார். அதற்கப்புறமும் படத்தைக் காட்டினார். தேவையே இல்லை, எல்லாம் சொல்லியாகிவிட்டது, இருந்தும் காட்டினார். திரை நிறைய இர்மாவின் சிரிப்பு. நான்கைந்து விநாடி. மாகாணம் முழுக்க.

நான் போய் எச்சரித்தேன். டெல்ஃபினா தன் அண்ணனிடம் சொன்னார். அவன் அதை வைத்தே முந்திக்கொண்டான். நான் போகாமல் இருந்திருந்தால்? தெரியவில்லை. என்ன செய்திருந்தாலும் அவர்கள் இரண்டு பேரும்தான் நடுவில் நின்றிருப்பார்கள்.

ஜூன் 25, வெள்ளி

லிசாசோ வருத்தத்தில் இருப்பார் என்று நினைத்துப் போனேன். உற்சாகமாக இருந்தார். "என்னமா திருப்பிட்டான் பாத்தியா? கெட்டிக்காரன்யா. நாமளும் கத்துக்கணும்." எதிரியை அப்படி மெச்சினார், நல்ல கோல் போட்டவனை மெச்சுவது போல. அலுவலகச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ராஜினாமாக் கடிதம் எழுத வார்த்தை வரவில்லை, எனக்கே.

ஜூலை 3, சனி

ஜெர்மனியிடம் நான்கு கோல் வாங்கித் தோற்றோம். தெருவே இழவு வீடு மாதிரி. அந்த அமைதியில் தைரியம் வந்து லாஸ் தாலாஸுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். இர்மா எடுத்தார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"கடை தொறந்துதான் இருக்கு. மருந்து வாங்குறவங்க கொறஞ்சுட்டாங்க, வேடிக்கை பாக்குறவங்க கூடிட்டாங்க. தேவாலயத்துக்கு டெல்ஃபினா இலவசமா மருந்து அனுப்புவால்ல? பெட்டி பிரிக்காமலே திரும்பி வந்துச்சு. அவங்களுக்கு வேணாமாம்."

"அவங்க அண்ணன்?"

"ஞாயித்துக்கிழமை வந்தான். மேசைல மூணு தட்டுதான் வச்சா டெல்ஃபினா. எனக்கு, அவளுக்கு, அமாலியாவுக்கு. நின்னு பாத்தான். கார்ல போய் உக்காந்துகிட்டான்." வைப்பதற்கு முன் சொன்னார்: "ஒனக்கும் தட்டு கெடையாதுடீ, தெரிஞ்சுக்கோ."

ஜூலை 15, வியாழன்

விடியும்முன் செனட்டில் சட்டம் நிறைவேறிவிட்டது. காலையில் வானொலி போட்டதும் அதுதான் செய்தி. ஆதரவு முப்பத்து மூன்று, எதிர்ப்பு இருபத்தேழு. புஸ்தின்சா எதிர்த்து. எங்கள் கட்சியின் மூவரும் எதிர்த்து. ‘எங்கள்’ என்று இன்னும் எழுதுகிறேனே.

நெடுநாள் கேட்ட ஒன்று கிடைத்த நாள். கீழ்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பாட்டுப் போட்டார்கள். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. மதியம் வந்தது, தனியாக, பாத்திரம் கழுவும்போது. அழுகையும்கூடவே.

ஆகஸ்ட் 30, திங்கள்

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. கல்யாணப் பத்திரிகை, மரண அறிவிப்பு. யாரையும் கடிக்க வேண்டியதில்லை.

மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி. இர்மா. வணக்கம்கூட இல்லை.

"அடுத்த வெள்ளிக்கு மறு வெள்ளி, பத்தாம் தேதி, காலைல பத்து மணி, பதிவு அலுவலகம். சாட்சி ரெண்டு பேரு வேணும். ஒருத்தர் இருக்காங்க. இந்த ஊர்ல இன்னொரு கையெழுத்துக்கு நாலு பேரக் கேட்டாச்சு. நாலு பேருக்கும் அன்னைக்கு ஏதோ வேலையாம். அடையாள அட்டையோட வா. வந்து போட்டுட்டுப் போயிரு."

"இர்மா, நான்... என்னை நீங்க..."

"மன்னிச்சிட்டேன்னு யாரு சொன்னா? வருவியா மாட்டியா?"

வருகிறேன் என்றேன். வைத்ததும் அடையாள அட்டையைத் தேடி எடுத்துக் கைப்பையில் வைத்தேன்.

செப்டம்பர் 10, வெள்ளி

பதிவு அலுவலகத்தில் பழைய எண்ணெய் ஹீட்டரின் வாடை. டெல்ஃபினா கருஞ்சிவப்பு உடை. அவர் அந்த நிறம் உடுத்தி நான் பார்த்ததே இல்லை. இர்மா வழக்கமான பழுப்புக் கோட்டுதான், ஆனால் தலைமுடியைச் சுருட்டிவிட்டிருந்தார். வாசலில் ஐந்தாறு பேர், அரிசி தூவ வந்தவர்களா வேடிக்கை பார்க்க வந்தவர்களா தெரியவில்லை.

இன்னொரு சாட்சி யார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால் அமாலியா. செனட்டரின் மனைவி. கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ‘புஸ்தின்சா’ என்று முழுப்பெயரையும் நிதானமாக எழுதினார். அதன் கீழே நான் எழுதினேன்.

அலுவலர் இருவரையும் சட்டப்படி மணமானவர்கள் என்று அறிவித்தபோது டெல்ஃபினா, "இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார். காது கேட்கவில்லையோ என்று அலுவலர் சத்தமாகச் சொன்னார். டெல்ஃபினாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

வெளியே அரிசி விழுந்தது. மூன்று பேர் தூவினார்கள். என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. டெல்ஃபினா மட்டும் கன்னத்தில் முத்தமிட்டு, "பஸ் பன்னெண்டே முக்காலுக்கு," என்றார்.

அமாலியா நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தார்.

"காலைல அவரு என்கிட்ட கேட்டாரு," என்றார். "டெல்ஃபினா என்ன நிறத்துல உடுத்துறான்னு. வந்து பாருங்கன்னேன். பேப்பர எடுத்து முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டாரு. தலைகீழாப் பிடிச்சிருந்தாரு."

"வீட்டுக்குப் போனதும் அந்த நிறத்தச் சொல்வீங்களா?"

தோளில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டார்.

"மாட்டேன். தெரியணும்னா அவகிட்டயே போய்க் கேக்கட்டும்."