கம்பளித் தராசில் கன்றுகள்

கர்கராலி, 12 அக்டோபர் 1998

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். எண்ணெய்க் கிணற்று வேலையில் நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ, இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டேன். மூன்று நாள் கத்தித் தீர்த்தன. போன வருடம் நீங்கள் கண்ணால் எடையை மதிப்புப் போட்டு நுரையீரல் புழுவுக்கு மருந்து கொடுத்ததில் பதினோரு கன்றுகள் இருமி இருமியே செத்தன. இந்த முறை கம்பளி நிறுக்கும் பெரிய தராசில் ஏற்றி, எடைக்குத் தக்கபடி ஊசி போடப்போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கம்ஷாத்

அத்திராவ், 2 நவம்பர் 1998

கம்ஷாத்துக்கு,

எங்கள் வீட்டில் உயிருள்ள மாட்டை யாரும் எடை போட்டதில்லை. கண் பட்டுவிடும் என்று உனக்குத் தெரியாதா? கன்றுகளுக்குப் பார்லி வைத்தும் வீணாக்காதே. பனிக்கடியில் புல் இருக்கிறது, தோண்டித் தின்னட்டும். மீறினால் மந்தையை என் தம்பியிடம் ஒப்படைத்துவிடுவேன்.

எர்காஸி

கர்கராலி, 20 நவம்பர் 1998

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வருமுன்பே எடை போட்டாயிற்று. முன்னால் வந்திருந்தாலும் போட்டிருப்பேன். பார்வைக்கு நூற்றைம்பது கிலோ இருக்கும் என்று நினைத்த வெள்ளைத்தலைக் கன்று இருநூற்றைத் தாண்டியது. போன வருடம் மருந்து போதாமல் பாதிப் புழு உங்கள் தயவில்தான் பிழைத்திருக்கிறது. பனியைத் தோண்டித் தின்ன அவை குதிரைகளா? தினமும் பார்லி மாவும் சூரியகாந்திப் புண்ணாக்கும் தாது உப்பும் வைக்கிறேன். எடைகளைச் சாக்கட்டியால் தொழுவக் கதவில் எழுதியிருக்கிறேன். படுகிற கண் படட்டும்.

உங்கள் தம்பி வேலியில் சாய்ந்துகொண்டு, "அண்ணி, அடுத்து அண்ணனையும் தராசுல ஏத்துவீங்களோ?" என்றார்.

"அவரு வீட்டுக்கு வந்தால்ல ஏத்துறதுக்கு" என்றேன்.

கம்ஷாத்

கர்கராலி, 9 மார்ச் 1999

அன்புள்ள உங்களுக்கு,

எனக்குப் பதில் எழுத மனமில்லாமல் தம்பிக்கு எழுதியிருக்கிறீர்கள். நேற்று அந்தக் கடிதத்தோடு வந்து, "அண்ணன் மந்தைய ஓட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு அண்ணி" என்றார்.

தொழுவத்தைத் திறந்துவிட்டேன். இருபத்தெட்டுக் கன்றுகளும் பளபளவென்று நின்றன, ஒரு இருமல் இல்லை. கதவில் எழுதியிருந்த எடைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார்.

"என் கன்னுல எட்டு இருமியே செத்துப் போயிருச்சு" என்றார். "மிச்சத்தை இங்க ஓட்டிட்டு வரவா? நீங்களே மருந்து போடுங்க அண்ணி."

இன்று காலை ஓட்டி வந்துவிட்டார். உங்கள் மேல் கோபம் தீரவில்லை, ஆனாலும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வந்தால் சந்தோஷம், உங்களுக்கு இங்கே வேலையும் உண்டு. ஆனால் மந்தை யார் பொறுப்பில் இருக்கும் என்பதை இனி நான்தான் சொல்வேன்.

கம்ஷாத்