நடு பஸ்

இன்று மதியம் கம்பெனியிலிருந்து ஆயுத பூஜைப் பொட்டலம் வந்தது. பொரியும் கடலையும் கலந்த அந்த வாசம் அடித்ததும் நினைவில் நீதான் வந்து நின்றாய். கொண்டுவந்த சங்கச் செயலாளர், நம் பழைய வேலைநிறுத்தத்தின் வெற்றியைப் பற்றி மேடையில் எல்லாரும் பேசியதாகச் சொன்னார். உன் பெயரைச் சொன்னார்களா என்று கேட்டேன். "அவரு யாருங்க?" என்றார். பொட்டலத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

குந்தாரப்பள்ளி சந்தையில் நீ எடுத்து வந்த அட்டையில்லாத சரித்திரப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? அதில் டிரஃபால்கர் கடற்போரின் படம். கடலையே பார்க்காத நாம் இருவரும், ஒருவரையொருவர் குரு, குரு என்று கூப்பிட்டுக்கொண்டே, சாப்பாட்டு நேரமெல்லாம் அதை வைத்துத் தகராறு செய்தோம். எதிரிக் கப்பல்கள் நீளமாக வரிசை கட்டி நின்றன. ஆங்கிலேயத் தளபதி வழக்கப்படி எதிர்வரிசை கட்டாமல், தன் கப்பல்களை இரண்டு அணியாக்கி அந்த வரிசைக்குள்ளேயே நேராக விட்டான். முன்னால் இருந்த எதிரிக் கப்பல்கள் திரும்பி வருவதற்குள் முடிவு தெரிந்துவிட்டது; தளபதி குண்டடிபட்டுச் செத்தும் அவன் பக்கமே ஜெயித்தது. எல்லாம் காற்றின் தயவு என்றேன் நான். நீ விடவில்லை. "மூஞ்சியில அடிக்கல குரு, இடுப்புல அடிச்சான்."

ஒப்பந்த ஆட்களை நிரந்தரமாக்கக் கேட்டு நாம் வெளியே உட்கார்ந்தபோது, கம்பெனிக்காரர்கள் நமக்குப் பதிலாக மாநில எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து பஸ் பஸ்ஸாக ஆள் இறக்கினார்கள். வழக்கம்போல் தினமும் கேட்டில் முதல் பஸ்ஸை மறித்தோம். போலீஸும் அங்கேயே நின்று நம்மைத் தூக்கி ஓரம் போட்டது. ஒருநாள் நீ, முன் பஸ்களை விட்டுவிடுங்கள் என்றாய். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கேழ்வரகுக் கொல்லை. அந்தக் குறுகலில் வரிசையின் நடுவே போய் உட்கார்ந்தோம். கேட்டில் நின்ற போலீஸ் நம்மிடம் வர முடியாதபடி, முன்னே போன பஸ்களே வழியை அடைத்துக்கொண்டன. உள்ளே போன பாதிப் பேரை வைத்து லைனை ஓட்ட முடியவில்லை. சாயங்காலம் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள்.

உன்னை மட்டும் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல ஓடி வந்தேன். நீ கேட்டது ஒன்றுதான்.

"நடு பஸ்ல பொம்பளப் புள்ளைங்க இருந்தாங்களே, ரொம்ப பயந்துட்டாங்களா?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

எல்லாரும் நிரந்தரமானார்கள், உன்னைத் தவிர. நீயில்லாமல் உள்ளே கால் வைக்கமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டேன். நீயே வந்து திட்டினாய்.

"தளபதி செத்தான்னு கப்பலைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்களா? எழுந்து போ குரு."

போனேன். ஓய்வு பெறும்வரை போனேன். மனசு இன்றுவரை ஒப்பவில்லை. நீ பர்கூர் கல் குவாரியில் லாரி ஓட்டி, தூசி குடித்து, மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தாய். அந்தத் தளபதிக்கு அவன் ஊரில் வானுயரத் தூண் நிற்கிறதாம். பர்கூர்க் கல் கப்பலேறி எங்கெங்கோ போகிறது. உன் பெயர் வெட்ட ஒரு துண்டுக் கல் இல்லை.

நாளைக்கு மறுபடி சங்கத்துக்குப் போய் உன் படத்தை மாட்டச் சொல்லப் போகிறேன். இதற்கு முன் கேட்டபோதெல்லாம் பார்க்கலாம் என்றார்கள். களைப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போவேன்.

காலையில் டீக்கடையில் நிற்கும்போது கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. எல்லாரும் முதல் பஸ்ஸின் போர்டைப் பார்க்கிறார்கள். என் கண் நடு பஸ்ஸுக்குத்தான் போகிறது. ஜன்னலில் தலை சாய்த்து ஒரு பெண் தூங்கிக்கொண்டு போகிறாள். பயமில்லாமல்தான் போகிறாள், குரு.